அமுதினி என்றொரு தத்தகாரம்

இசையமைப்பாளர் அனுப்பும் மெட்டில் சொற்கள் இருக்காது. "தனனன தானா, தனனன தானா" என்று தத்தகாரமாகத்தான் வரும். அதை நிரப்புவதுதான் பாட்டெழுதும் என் பிழைப்பு. சரியான சொல் கிடைக்கும்வரை அளவுக்குப் பொருந்துகிற எதையாவது போட்டுப் பாடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். சிலர் காய்கறிப் பெயரைப் போடுவார்கள். நான் பன்னிரண்டு வருடமாக ஒரே பெயரைத்தான் போடுகிறேன். அமுதினி.

அமுதினி எங்கள் மகள். பிறந்து இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள். நானும் என் மனைவி ஷீலாவும் அவளுக்காக எடுத்துவைத்த பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதன்பிறகு வீட்டில் யாரும் அதை உச்சரிக்கவும் இல்லை. ஷீலா உடைந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் மின்சார ரயிலில் சொல்வேன். தாம்பரத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் கோடம்பாக்கம்வரை அவள் என் மடியில் கிடப்பாள். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டும்போது கண் சொக்கும். பல்லாவரம் மலை தெரிந்ததும் முழித்துக்கொண்டு கால் உதைப்பாள். முகத்தில் வெயில் விழாமல் நான் கொஞ்சம் திரும்பி உட்காருவேன். எதிர் சீட்டுக்காரர் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும்.

போன வாரம் வந்தது ஓர் அப்பா-மகள் பாட்டு. மூன்று வருடம் கழித்துக் கிடைத்த வாய்ப்பு. செல்போனில் இரண்டு முறை பாடிப் பதிவு செய்தேன். ஒன்று பெயரைப் போட்டுப் பாடிய வெள்ளோட்டம், இன்னொன்று முறையான வரிகள். அவசரத்தில், அறிவுகெட்டவன், முதலாவதை அனுப்பித் தொலைத்தேன்.

ஞாயிறு காலை இசையமைப்பாளர் ஷ்யாம்சுந்தர் கூப்பிட்டார்.

"எழில் சார், பிச்சு உதறிட்டீங்க! பல்லவி ரெக்கார்டு பண்ணியாச்சு. டைரக்டர் அழுதுட்டார்."

"அது டம்மி சார். அந்தப் பேரை எடுத்துடுங்க."

"பேரை எடுத்தா பாட்டே இல்ல சார். சாயங்காலத்துக்குள்ள சரணம் குடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளை வெச்சு வேற பாட்டு பண்ணிக்கிறேன்."

பாடகி பாடிய பல்லவியையும் அனுப்பிவைத்தார்.

ஷீலா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாமென்றால் பாட்டு போகட்டும் என்று முடிவுசெய்துகொண்டுதான் படியேறினேன். நடந்ததைச் சொன்னேன். பெயரைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. செல்போனை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

தூளி ஆட்டுகிற குரலில் பாடகி கூப்பிட்டாள், அமுதினி, அமுதினி என்று. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று சத்தமே இல்லாததுபோல் தூரத்தில் தாழ்ந்து போனது. ஷீலா கேட்டு முடித்து மறுபடியும் போட்டுக் கேட்டாள். அவள் அழவில்லை.

"என்னங்க இது, தாலாட்டு மாதிரி இருக்கு?"

"ஆமா."

"இன்னுமா அவளைத் தூளியில போட்டு ஆட்டிக்கினு இருக்கீங்க? அவ ஏழாவது படிக்கிறா."

வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"என் தோள் வரைக்கும் வந்துட்டா. தலை பின்ன ஒரு நிமிஷம் உட்கார மாட்டா. தயிர் சாதம் கட்டிக் குடுத்தா அப்படியே திரும்பி வரும்." ஷீலா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "போன வாரம் சைக்கிள் கேட்டா. ரோட்டுல லாரி வரும், வேணாம்னேன். மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கா."

நான் அவளை ரயிலில் குழந்தையாகவே வைத்திருந்தேன். ஷீலா இத்தனை வருடமும் வீட்டில் ஒற்றை ஆளாக அவளை வளர்த்திருக்கிறாள். நான் ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. மகளைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

"பேரு பாட்டுல இருக்கட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும். ஊரே கூப்பிடட்டும். சரணத்துல மட்டும் அவளைத் தூளியில இருந்து கீழ எறக்கி விடுங்க."



"சைக்கிள் வாங்கிக் குடுத்துடலாம் ஷீலா. ஓட்ட நான் கத்துக்குடுக்கிறேன்."

அப்போதுதான் அவள் அழுதாள்.