டிஃபரன்ஷியலில் எண்ணெய் இல்லை

கொழுந்தன் ஜீப்பைக் கிளப்பிவிட்டான். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கிளச்சை மிதித்து அவன் கியரில் கை வைத்த நேரத்தில், வீட்டுக்குள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து வெளியே வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"எடுக்காதே."

விடிந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

கொழுந்தன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். பக்கத்து நகரத்தில் வங்கியில் வேலை. அலுவலகத்துக்குக் கிளம்பியவன் அப்படியே வந்துவிட்டதால் ஓடையில் நனைந்த தோல் காலணி இன்னும் காலில் இருந்தது. "அண்ணி, ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிடுச்சாம். ஓடையில தண்ணி, அந்தப் பக்கம்தான் வந்து நிக்கும். அண்ணனைக் கூட்டிட்டு வரணும்ல?"

"தெரியும். வண்டிய எடுக்காதே தம்பி."

"உள்ள போய் உக்காருங்க அண்ணி. நான் பாத்துக்கறேன்."

இரண்டு பெண்கள் வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். "மனசு ஏத்துக்கல பாவம், வேண்டாங்குது" என்று ஒருத்தி மற்றவளிடம் மெல்லச் சொன்னாள். டீச்சரின் காதில் அது விழுந்தது. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிய செய்தி போல இருந்தது.

"டிஃபரன்ஷியல்ல எண்ணெய் இல்ல," என்றாள்.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, அச்சின் வயிறு போல, பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை தொங்கும். அதற்குள் பற்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிச் சுழலும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் இரும்பை இரும்பு தின்றுவிடும். நேற்றுக் காலை மோட்டார்காரர், அதாவது அவள் கணவர், பழைய எண்ணெயைத் தட்டில் வடித்துவிட்டு, "வா, பம்ப் அடி" என்று குரல் கொடுத்தார். அவள் எண்ணெய்க் கேனையும் கைப்பம்பையும் எடுத்துக்கொண்டு வந்தபோது, அவர் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து சக்கரத்தில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு," என்றார். ஏதோ ஒரு மோட்டாரைக் குறை சொல்வது போலத்தான் சொன்னார். அந்த மலைப்பக்கத்தில் எந்தக் கிணற்று மோட்டார் நின்றாலும் ஜீப்பில் ஏறிப் போய்ச் சரி செய்தவர். அன்றைக்கு அவர் ஏற ஜீப் இல்லை. நான்கு பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி ஓடையைக் கடந்து, கோழிப்பண்ணைக்காரரின் வண்டியில் ஏற்றினார்கள்.

அந்தக் கோழிப்பண்ணைக்காரர் இப்போது இடுப்பில் கை வைத்தபடி முன்னால் வந்தார். "எண்ணெய் இல்லையா? நான்தானே டீச்சரம்மா எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணேன்! நீங்க எல்லாரும் ஆஸ்பத்திரில இருந்தீங்க, நாலு பேரு வந்து போற இடம், இப்படிக் கிடக்கேன்னுட்டு, தூக்கி வச்சிருந்த வண்டிய இறக்கினேன். அடியில ரெண்டு திருகும் தொறந்து கிடந்துச்சு. உடம்புல இருக்கிற பலத்தை எல்லாம் போட்டு இறுக்கினேன். தட்டுல இருந்ததைக்கூட வீணாக்கல, பண்ணைக் கதவுக் கீலுக்கெல்லாம் விட்டுட்டேன்."

"மாட்டினீங்க அண்ணே. ஊத்தினீங்களா?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

கொழுந்தன் எஞ்சினை அணைத்தான். "கொஞ்ச தூரம்தானே அண்ணி? ஓடை வரைக்கும். மெதுவாப் போய்ட்டு மெதுவா வந்தா?"

"போறது இறக்கம், போயிடுவே. வர்றப்ப ஏத்தத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுரும். நடுவழியில அவரையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"தோள்ல தூக்கிக்கலாம்," என்று கோழிப்பண்ணைக்காரர் தொடங்கினார். "இல்ல, தண்ணி வடிஞ்சா என் வண்டியவே ஓடையில இறக்கி…"

"கோழி வண்டியிலயா?" உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. மூத்தவள், தம்பிகள் இருவரையும் தூக்கி வளர்த்தவள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாலும் அதிகாரம் கட்டவில்லை. "போறப்பத்தான் அவன் அந்த வண்டியில போனான். வர்றப்பவாவது அவன் வண்டியில வரட்டும்."

கோழிப்பண்ணைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தார். "நான் போட்ட முடிச்சு, நானே அவுக்கறேன்."

அவர் இறுக்கினால் இறுக்கியதுதான். எண்ணெய் ஊற்றும் மேல்திருகு அசையவே இல்லை. ஸ்பானர் நழுவி, முட்டி தேய்ந்து, "உன்னைப் பெத்தவன் எவன்டா" என்று இரும்பைத் திட்டிவிட்டு, துக்க வீடு என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சர் கொட்டகையிலிருந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்து வந்து கொடுத்தாள். "இதை ஸ்பானர் பிடியில மாட்டி நீளமாக்குங்க அண்ணே. அவரு அப்படித்தான் பண்ணுவாரு."

கொழுந்தனின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு அவன் அதைக் கோழிப்பண்ணைக்காரரின் காதருகே நீட்டினான். படுத்தபடியே அவர் பேசினார். "வந்துட்டீங்களா? ஓடைக்கிட்டயே இருங்க தம்பி. ஆயில் மாத்திக்கிட்டு இருக்கோம், முடிச்சுட்டு வந்துடறோம்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "ஆமாப்பா, ஆயில்தான். வாழ்க்கையில இதையும் கேட்டுக்க," என்றார்.

கடைசியில் திருகு கிறீச்சென்று ஓலமிட்டுக் கழன்றது.

வழக்கமாக மேலே நின்று பம்ப் அடிப்பவள் டீச்சர். கீழே படுத்து, பம்பின் ரப்பர் குழாயைத் துளைக்குள் பிடித்திருப்பவர் மோட்டார்காரர். "வருதா?" என்று இவள் கேட்பாள். "வரல" என்பார் அவர். துளையின் விளிம்பைத் தொட்டு எண்ணெய் வழிந்தால் நிறைந்தது என்று அர்த்தம். இவளுக்கு அளவு தெரியாது. எப்போதும் ஒரு அடி கூடவே அடித்துவிடுவாள். "போதும் தாயே, போதும்! குளிப்பாட்டிட்ட!" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"நீ அடி தம்பி," என்று கொழுந்தனிடம் கேனைக் கொடுத்தாள்.

"அண்ணி, நீங்க எதுக்கு? நான் படுத்துக்கறேன்."

"குழாயை எவ்வளவு உள்ள விடணும்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்கும் தெரியாது. அதை அவள் சொல்லவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் விரித்திருந்த அதே சாக்கில் மல்லாந்து படுத்து, முதுகைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே போனாள். "என்ன பொம்பளம்மா இவ," என்றது ஒரு குரல். "விடு," என்றது நாத்தனாரின் குரல்.

உள்ளே மங்கலாக இருந்தது. பல வருஷத்துத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அச்செங்கும் கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தது. குழாயைத் துளைக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டதும் கை மணிக்கட்டு வரை கறுத்தது.

"அடி."

பம்ப் மூச்சுவிட்டது. தேன் போன்ற எண்ணெய். குளிரில் மெல்லத்தான் இறங்கும். வேறு வேலை இல்லாமல் அவள் பக்கவாட்டில் பார்த்தாள். வண்டியின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவிலிருந்த வெளிச்சப் பட்டையில் கால்கள் மட்டும் தெரிந்தன.

ஒரு முறை இங்கேயிருந்துதான் அவர் கேட்டார்: "என்ன, உன் கால் ரெண்டும் கோவமா நிக்குது? நான் என்ன பண்ணேன்?" கேலி என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக அடித்தாள். உண்மையில் அன்றைக்கு அவளுக்குக் கோபம்தான்.

இப்போது பார்த்தாள். கோழிப்பண்ணைக்காரரின் வெடித்த குதிகால்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, தப்புச் செய்த பிள்ளை நிற்பது போல நின்றன. வாசற்படியில் நாத்தனாரின் கால்கள், விரல்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு. மிக அருகில் கொழுந்தனின் காலணிகள். சேறு தெறித்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் குதி உயர்ந்து தாழ்ந்தது. பிறகு அடி நின்ற பின்னும் குதி நடுங்கிக்கொண்டே இருந்தது. அவன் அழுகிறான் என்று காலணியைப் பார்த்தே தெரிந்தது.

"வருதா அண்ணி?" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"வரல. அடி."

அவன் அடித்தான். இன்னும் அடித்தான். "வருதா?"

"வரல."

எண்ணெய் துளையின் விளிம்புக்கு வந்து, ஒரு கணம் தயங்கி, ஒரு நூலாக இறங்கியது. அவள் விரல்களின் மேல், உள்ளங்கையில், மணிக்கட்டைச் சுற்றி முழங்கை வரை ஓடியது. குளிர்ச்சியாகவும் இல்லை, சூடாகவும் இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்ல வேண்டியவர் யாரோ சொல்வார் என்பது போல வாய் மூடியே இருந்தது.

"அண்ணி? கேன் தீரப்போகுது. இன்னும் வரலியா?"

ரவிக்கைக் கையின் ஓரம் நனைந்தது.

"அண்ணி."

"வந்துடுச்சு," என்றாள். "நிறுத்து."

திருகை மாட்டினாள். பலம் போட்டு இறுக்கவில்லை. திருகு நின்ற இடத்திலிருந்து ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான்.

வண்டி இறங்கிப் போனது. முதல் வளைவுவரை அவள் காது கொடுத்துக் கேட்டாள். பின்பக்கத்திலிருந்து எந்த முனகலும் இல்லை. பெண்கள் அவளை உள்ளே கூட்டிப்போய், வாடகைக்கு வந்திருந்த வெள்ளை நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வைத்தார்கள். கையைச் சேலையில் படாமல் மடியின் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். "தண்ணி கொண்டாறேன் இரு," என்று நாத்தனார் எழுந்தாள்.

அதற்குள் பள்ளிக்கூடத்து ஆயா வந்துவிட்டாள். ஓடையில் நடந்து வந்ததில் சேலை முட்டிவரை ஈரம். டீச்சரின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே இரண்டு டீச்சர்கள். அவர்களும் பிடித்தார்கள். அப்புறம் யாரோ ஒருத்தியின் மருமகள். மோட்டார்காரர் கடைசியாகச் சரி செய்த கிணற்றுக்காரி. ஒவ்வொருத்தியும் குனிந்து, கையைப் பிடித்து, அழுது, விட்டுவிட்டு, தன் கையைப் பார்த்தாள். மூக்கைச் சிந்தவும் முடியாமல், முந்தானையைத் தொடவும் முடியாமல், போய் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு அவளும் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளை நாற்காலிகளின் கைகளில் வரிசையாகக் கறுப்பு விரல் தடங்கள் விழுந்திருந்தன.

கீழே, ஏற்றம் தொடங்கும் இடத்தில், கியர் மாறும் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லாரும், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள்.