லிண்டன்லான் 17இல் குடியேறத் தகுதியுடையோர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், லிண்டன்லான் வீதி பதினேழாம் எண் வீட்டுக்குக் குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வரலாற்றுக் கடமை, மே மாதம் மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை சரியாகப் பத்தரை மணிக்கு, பத்தொன்பதாம் எண் வீட்டின் வரவேற்பறையில் நிறைவேற்றப்படும். போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும்போதாவது புகைபோக்கி வழியே புகை விட்டு ஊருக்குத் தெரிவிப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது. வீதி ஒழுங்குமுறையின் எட்டாவது விதிப்படி புகை கூடாது.

ஒழுங்குமுறை மூன்று பக்கம். அழைப்புக் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருந்தார் வீட்டுக்காரர் டீடெரிக் ஹூக்ஸெமா. வேலியின் உயரம் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தக் கூடாது. குப்பைத்தொட்டியின் கைப்பிடி வீதியைப் பார்த்து இருக்க வேண்டும். கடைசிப் பத்தியில், 'இந்த வீதியின் குணாம்சத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் உடையோரை மட்டும் தேர்வுக் குழு பரிசீலிக்கும்' என்று எழுதி, தேர்வுக் குழுவின் சார்பில் ஹூக்ஸெமா, தலைவர் என்று கையெழுத்திட்டிருந்தார். குழுவில் வேறு யாரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மனிதர் நீர்வாரியத்தில், கடலைத் தடுக்கும் கரைகளை ஆய்வு செய்யும் பிரிவின் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாகக் கடல் உள்ளே வராமல் இருந்ததற்குத் தனிப்பட்ட முறையில் தான் ஒருவரே காரணம் என்பதுபோல நடப்பார்.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் நானும் என் மனைவி வில்லமினும் சிரிக்கிற நிலையில் இல்லை. ஒன்பது வருஷமாக ஹார்லெம் நகர ரயில்நிலையத்துக்குப் பின்னால், உருளைக்கிழங்கு பொரிக்கிற கடைக்கு மேலே குடியிருந்தோம். நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டுக்குள் நுழைந்தாலும் கூட இருப்பவர்களுக்குத் திடீரென்று பசிக்கும். வாசனை அப்படி. இப்போது அந்த வீட்டையும் விற்கிறார்கள், ஜூன் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஜனவரியிலிருந்து பத்தொன்பது வீடு பார்த்தாகிவிட்டது. பத்தொன்பதிலும் வேறு யாரோ எங்களைவிட இளமையாக, எங்களைவிட நல்ல பல்வரிசையோடு வந்து வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். இது இருபதாவது. இதுவும் போனால் வில்லமினின் தங்கை வீட்டு மாடியில் போய்ப் படுக்க வேண்டும். அவளுடைய தங்கை நல்லவள். அதுதான் பயமாக இருந்தது.

வழியில் தூக்குப்பாலம் படகு போவதற்காக மேலே திறந்திருந்தது. மணலை ஏற்றிக்கொண்டு ஒரு படகு, உலகத்தில் அதற்கு மட்டும் சனிக்கிழமை விடுமுறை என்பதுபோல ஊர்ந்து போனது. சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றபடி வில்லமின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏழு நிமிஷம் லேட், ரீனுஸ்."

"பாலம்னு சொல்லலாம்."

"அந்த ஆள்கிட்ட பாலம்னா எந்தப் பாலம், யாரு பொறுப்பதிகாரின்னு கேப்பாரு."

லிண்டன்லானுக்குள் திரும்பியதும் அவள் பேச்சை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் லிண்டன் மரங்கள், அப்போதுதான் துளிர்த்த இலைகள் வழியே வெளிச்சம் பச்சையாக வடிந்துகொண்டிருந்தது. வீடுகளுக்கு முன்னால் ஒரு குறுகிய வாய்க்கால். அதில் ஒரு நீர்க்கோழி, பிளாஸ்டிக் உறையும் நாணலும் வைத்துக் கட்டிய கூட்டில், எந்த ஒழுங்குமுறைக்கும் கட்டுப்படாமல் உட்கார்ந்திருந்தது. எங்கோ ஒருவர் கத்தரியால் செடிவேலி வெட்டுகிற ஓசை. அவ்வளவுதான் மொத்தச் சத்தம். வில்லமின் சைக்கிளை விட்டு இறங்கி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எங்களுக்கு நேரமில்லை என்று நான் சொல்லவில்லை. பதினேழாம் எண் வீட்டின் பெரிய ஜன்னல் அவளுக்கு நேர் எதிரே இருந்தது. நான் அந்த ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பத்தொன்பது தடவை ஜன்னல்களைப் பார்த்து மனசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் நான்.

பத்தொன்பதாம் எண் கதவைத் திறந்தவர் திருமதி யோக்கே ஹூக்ஸெமா. அறுபத்தைந்து இருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட நீலச் சட்டை, காதில் சின்ன முத்து. எங்கள் கோட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு உள்ளே கை காட்டினார்.

வரவேற்பறையில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. சாப்பாட்டு மேசை நாற்காலி, சமையலறை முக்காலி, மடக்கு நாற்காலி எல்லாம் கலந்த வட்டம். அதில் ஐந்து பேர், முழங்காலில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேச எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் நியாயம் கேட்கிறேன். இந்த நாட்டில் பிறந்த எவனிடமும் கேளுங்கள்: வட்டமாக நாற்காலி, கையில் காபி, முகத்தில் அலுப்பு. இது என்ன? பிறந்தநாள். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஐம்பத்திரண்டு வருஷமாக இப்படிப்பட்ட வட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்தே என் முதுகு இந்த வடிவத்துக்கு வந்தது. அப்படி ஒரு வட்டத்துக்குள் நுழைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என் மூளையிடம் கேட்க வேண்டியதில்லை, கை தானாக நீளும். பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்தினால் போதாது. அவருடைய மனைவியை, மகனை, மருமகளை, பக்கத்து வீட்டுக்காரரை, அவர் பிறந்ததில் எந்தச் சம்பந்தமும் இல்லாத அத்தனை பேரையும் வாழ்த்த வேண்டும்.

"வாழ்த்துகள்!" என்று திருமதி யோக்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அவர் முகம் சிவந்தது. என்னமோ சொல்ல வாயெடுத்து, "நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டார்.

நான் வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தேன், பின்னால் வில்லமின். முதலில் உயரமான ஒரு கால்நடை மருத்துவர். "வாழ்த்துகள்!" அவர் பதறி எழுந்து, "ஆங், வாழ்த்துகள், வாழ்த்துகள்!" என்றார். அடுத்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. அவர்களும் எழுந்து வாழ்த்தினார்கள். வாழ்த்திவிட்டு, இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் மருத்துவரையும் வாழ்த்தினார்கள். கடைசியில் தைஸ், ஃபெம்கே என்று ஒரு இளம் ஜோடி. மடியில் ஒரு கோப்பு, அட்டையில் அவர்கள் இருவரும் மலையுச்சியில் நிற்கிற படம், கீழே 'நாங்கள் யார்?' என்ற தலைப்பு. ஃபெம்கே என் கையைக் குலுக்கிக்கொண்டே தைஸிடம், "பரிசு ஏதாவது கொண்டுவந்தியா?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டது எனக்குக் கேட்டது.

அரை நிமிஷத்தில் எல்லாரும் எல்லாரையும் வாழ்த்திக்கொண்டிருந்தோம். அந்தக் களேபரத்தில்தான் டீடெரிக் ஹூக்ஸெமா, கையில் உரையின் நகல்களோடு மாடியிலிருந்து இறங்கினார். மருத்துவர் நேராகப் போய் அவர் கையைப் பிடித்தார்.

"ரொம்ப வாழ்த்துகள் சார்!"

"எதுக்கு?"

மருத்துவர் ஓய்வுபெற்ற தம்பதியைப் பார்த்தார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலிக் கால்களைப் பார்த்தேன்.

"இன்னைக்கு உங்க வீட்ல... பொறந்தநாள் இல்லீங்களா?" என்றேன்.

"இது தேர்வுக் கூட்டம்." ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக இறக்கி வைத்தார். "நீங்க?"

"ரீனுஸ். பதினோராம் எண் விண்ணப்பம். பாலம் திறந்திருந்துச்சு."

"எந்தப் பாலம்?"

வில்லமின் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கழிப்பறை எங்க இருக்கு?" என்று கேட்டு வெளியே நடந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் அந்தக் கேள்வியை இரண்டு காரணத்துக்காகத்தான் கேட்டிருக்கிறாள். இரண்டாவது, யாருக்கும் தெரியாமல் அழுவதற்கு.

தலைவர் உரையைத் தொடங்கினார். ஆறு பக்கம். வீதி 1926இல் உருவானதிலிருந்து ஆரம்பித்தார். திருமதி யோக்கே பிஸ்கட் டப்பாவோடு வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார், மூடியை அழுத்தி மூடினார். தலைவர் 1938இல் இருந்தபோது, வில்லமின் தங்கை வீட்டு மாடியில் எந்த மூலையில் என் கருவிப்பெட்டியை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருபதாவது வீடு. பத்தொன்பதை மற்றவர்கள் எங்களிடமிருந்து பறித்தார்கள். இதை நானே, கை குலுக்கி, வாழ்த்துச் சொல்லி, தொலைத்தேன்.

அப்போது வில்லமின் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் நடை வேறாக இருந்தது. தன் நாற்காலிக்கு வரவில்லை. வட்டத்துக்கு நடுவே, தலைவருக்கு முன்னாலேயே குறுக்கே நடந்து போய், பிஸ்கட் டப்பாவோடு நின்ற திருமதி யோக்கேயின் தோளைப் பிடித்து, வலக் கன்னம், இடக் கன்னம், மறுபடி வலக் கன்னம் என்று வழக்கப்படி மூன்று முத்தம் கொடுத்தாள்.

"வாழ்த்துகள் யோக்கே. அறுபத்தாறு."

நடந்தது இதுதான். எங்கள் வீடுகளில் பிறந்தநாள் காலண்டர் மாட்டுகிற இடம் கழிப்பறை. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரியும். யாரையும் மறக்காமல் இருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஹூக்ஸெமா வீட்டுக் காலண்டர் இன்னும் ஏப்ரலிலேயே நின்றது. அழுது முடித்த வில்லமின் மூக்கைச் சிந்திவிட்டு, கை சும்மா இருக்காமல், மே மாதத்துக்கு ஏட்டைத் திருப்பியிருக்கிறாள். மூன்றாம் தேதிக்கு நேரே, பென்சிலில், சின்ன எழுத்தில்: யோக்கே, பிறந்த வருஷத்தோடு. அவரே எழுதிக்கொண்டது.

"டீடெரிக்," என்றார் திருமதி யோக்கே. கோபமே இல்லை குரலில். "மே பொறந்து மூணு நாளாச்சு."

"நான்... கூட்டத்துக்கான ஏற்பாடுல..."

"தினமும் காலைல இருபது நிமிஷம் அதுக்கு எதிர்லதான உக்காந்திருக்க?"

ஓய்வுபெற்ற அம்மாளுக்குச் சிரிப்பில் காபி புரையேறியது. கடலைத் தடுத்து நிறுத்தியவர் உரையின் தாள்களைப் புரட்டினார். ஆறு பக்கத்தில் இதற்கான பத்தி இல்லை.

"கேக் நேத்தே வாங்கிட்டேன்" என்றார் யோக்கே, எங்களிடம். "ஆப்பிள் கேக். நிலவறையில வச்சிருக்கேன். இவரு கேப்பாரான்னு பாத்துட்டு எடுக்கலாம்னு. எட்டு மணிக்குக் கேக்கல. ஒன்பதுக்குக் கேக்கல. பத்தரைக்கு மேல கதவைத் தொறந்தா, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளு வந்து கையைப் பிடிச்சுக் குலுக்குறாரு."

கேக் வந்தது. பெரியது, விளிம்பில் மேலோடு கொஞ்சம் கருகியது, பட்டை மணத்தது. மருத்துவர் வெட்டினார், தொழில்முறைக் கை, ஒவ்வொரு துண்டும் ஒரே எடை. தைஸின் கோப்பு தட்டு வைக்கப் பயன்பட்டது. எல்லாரும் மறுபடி ஒரு சுற்று வாழ்த்தினோம், இம்முறை காரணம் தெரிந்து. பாடினோம்கூட. தலைவர் முக்காலியில் போய் உட்கார்ந்து, முள்கரண்டியால் கேக்கைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சாப்பிட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. மூன்றாவது வாயில் அது சரியாகிவிட்டது, ஏனென்றால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேர்வுக் குழு விண்ணப்பங்களைப் பரிசீலிச்சு, ஆறு வாரத்துக்குள்ள..." என்று ஆரம்பித்தார்.

"பதினேழாம் நம்பர் வீடு எங்கப்பா எனக்குக் குடுத்தது, டீடெரிக்" என்றார் யோக்கே.

"அது சட்டப்படி. நிர்வாகம்னு பாத்தா..."

"கேக்கைச் சாப்பிடு."

சாப்பிட்டார்.

யோக்கே வில்லமின் பக்கம் திரும்பினார். "இப்ப எங்க இருக்கீங்க?"

"பொரிக்கிற கடைக்கு மேல."

"அதான் நீங்க வந்ததுலேர்ந்து எனக்குப் பசிக்குது." தட்டைக் கீழே வைத்தார். "இப்ப இருக்கறவங்க மே கடைசில போயிடுவாங்க. ஜூன் ரெண்டு, திங்கக்கிழமை, சாவி வந்து வாங்கிக்கோங்க. வேலியப் பத்தி இவரு ஏதாவது சொல்லுவாரு. தலையாட்டுங்க, போதும். நான் நாப்பது வருஷமா அப்படித்தான்."

நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை. தைஸும் ஃபெம்கேயும் எட்டுப் பக்கம் தயாரித்து வந்திருந்தார்கள். மருத்துவர் எல்லாவற்றுக்கும் பொருத்தமானவர். ஒரு நாட்டில் வீடு கிடைப்பது யார் எந்தக் காலண்டரைத் திருப்பினார்கள் என்பதில் இருக்கிறது என்றால் அந்த நாட்டைப் பற்றி நாலு வார்த்தை கடுமையாக எழுத வேண்டும். எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் திரும்பும்போது பாலம் இறங்கி வழி விட்டிருந்தது, வெயில் அடித்தது, எனக்கு முன்னால் சைக்கிளில் போன வில்லமின், ஐம்பது வயதுக்காரி, கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஓட்டினாள். கடுமையான நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. 'நீண்ட, ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு, தேர்வுக் குழு ஒருமனதாகத் தங்களை...' என்று தொடங்கி, தலைவர் என்று முடிந்திருந்தது. நாங்கள் பதில் போட்டோம், மிகுந்த மரியாதையோடு, குழுவின் அத்தனை உறுப்பினர்களுக்கும் தனித்தனியாக நன்றி சொல்லி.

ஜூன் இரண்டாம் தேதி காலை யோக்கேயிடம் சாவி வாங்கிக்கொண்டு பதினேழாம் எண் வீட்டுக் கதவைத் திறந்தோம். பெரிய ஜன்னல் வழியே இலைகளின் நிழல் உள்ளே விழுந்து, சுவரெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. வில்லமின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்து, உடனே வெளியே எடுத்தாள்.

முன்பு குடியிருந்தவர்கள், எங்கள் நாட்டு வழக்கப்படி, போகும்போது தாங்கள் பதித்த மரத்தரையையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.