கொடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

லாரி ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகியும் தெருவில் அவர் லாரிக்காரர்தான். பந்தாட்ட மைதானத்தில் மட்டும் வேறு பெயர். அங்கே அவர் 'ஆஃப்சைடு'. சொந்த கிளப் கோல் போட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கிளப் முதல் டிவிஷனிலிருந்து விழுந்த அன்று, கடைசி நேரத்தில் ஒரு பந்து வலைக்குள் போனது. அவரும் மனைவியின் தம்பியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். முன்னால் நின்ற யாரோ ஒரு மொட்டைத் தலைக்கு லாரிக்காரர் முத்தமே கொடுத்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறான். ஆஃப்சைடாம், கோல் இல்லை. கொடுத்த முத்தத்தைத் திருப்பியா வாங்க முடியும்? அன்றிலிருந்து பந்து வலைக்குப் பக்கத்தில் போனாலே அவர் கண் கொடிக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு கிளப்பை ஒரு கோட்டுக்காரன் வாங்கினான். வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தான். அடுத்த மழைக்காலத்துக்குள் விளக்குக் கம்பங்களைக் கழற்றி விற்றுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். மைதானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. நாய்கள்தான் உள்ளே ஓடி விளையாடின. லாரிக்காரர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம்தான் கிளப்பை எடுத்து நடத்தப் பேக்கரி அம்மா வந்தாள். ரொட்டி சுட்டு விற்கிறவளுக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று லாரிக்காரர் கேட்டார். அவள் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. பழைய ரசிகர்களை வீடு வீடாகப் போய் இழுத்து வந்தாள். புல்லை அவர்களே வெட்டினார்கள், சுவருக்கு அவர்களே வெள்ளை அடித்தார்கள். அடிமட்டத்தில் கிடந்த கிளப் ஒவ்வொரு படியாக ஏறி, இப்போது முதல் டிவிஷன் வாசலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் உள்ளே. டிரா ஆனால்கூட வெளியே.

சனிக்கிழமை மத்தியானம் மனைவியின் தம்பி கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் தையல்காரர். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

"அத்தான், நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"ரேடியோ வாங்கிக் குடுத்தேனே, அது என்ன ஆச்சு?"

"அவன் சொல்றது எனக்கு ஒட்டல. நீங்க பக்கத்துல நின்னு சொல்லணும். மேல போற அன்னைக்கு நான் உள்ள நிக்கணும்."

"மேல போவாங்கன்னு உனக்கு எவன் சொன்னான்? முந்தி கோட்டுக்காரன், இப்ப ரொட்டிக்காரி. எல்லாம் ஒரே குட்டைதான், மச்சான்."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என் தம்பி வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறதே அபூர்வம். கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. இல்லாட்டி நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு ஆஃப்சைடும் தெரியாது ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் கோல்னுதான் சொல்லுவேன்."

தையல்காரர் சிரித்தார். லாரிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை தோற்றதை மச்சான் தன் கண்ணால் பார்த்தான். நாளைக்குத் தோற்றால் அதை அவன் காதில் போடப்போவது இவர் வாய்.

ஆனாலும் போனார்.

வாசலில் பேக்கரி அம்மாதான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. "வாங்க ஆஃப்சைடு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவர் மச்சானைக் கையைப் பிடித்து உள்ளே நடத்திப் போனார். கோல் கம்பத்துக்குப் பின்னால், அவர்கள் எப்போதும் நிற்கிற இடத்தில், புதுக் கைப்பிடி போட்டிருந்தார்கள். சரக்கைக் கட்டின கயிற்றை இழுத்துப் பார்க்காமல் ஒரு நாளும் லாரி எடுத்தவரில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மச்சானைச் சாயவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. லாரிக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நம்ம பையன் எடுத்துட்டுப் போறான்... போறான்... குடுத்துட்டான் மடையன், அவங்க ஆளுக்கே."

"யாரு, அந்த நெட்டையனா?"

"அவனேதான். காலா அது, கட்டில் காலு."

முதல் பாதியில் கூட்டம் ஒரு தடவை எழுந்து கத்தியது. தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். "கோலா?"

"இரு. கொடியப் பாத்துட்டுச் சொல்றேன்." கொடி மேலே இருந்தது. "இல்ல."

தையல்காரரின் கை மெதுவாகச் சட்டையை விட்டது. இரண்டாம் பாதியும் வறண்டு ஓடியது. லாரிக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அப்போது இடது பக்கம் ஒரு ஃப்ரீ கிக். பந்தை உள்ளே தூக்கி அடித்தார்கள். பந்து கிளம்பின உடனே லாரிக்காரரின் கண் பழக்கப்படி லைன்ஸ்மேனிடம் ஓடியது. கொடி அவன் தொடையோடு ஒட்டிக் கிடந்தது. மைதானம் வெடித்தது. அவர் அசையவில்லை. கோல் செல்லும் என்பதற்கு அடையாளமாக லைன்ஸ்மேன் நடுக்கோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். அப்போதுதான் மூச்சு விட்டார்.

"மச்சான், கோல்டா! நெஜம்மா கோல்!"

"தெரியும்" என்றார் தையல்காரர். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "எப்படி அத்தான் போட்டான்? சொல்லுங்க."

லாரிக்காரர் வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றுமில்லை. பல வருடம் காத்திருந்த கோல், கைக்கெட்டும் தூரத்தில் விழுந்திருக்கிறது. அவர் பார்த்ததெல்லாம் ஒரு துண்டுத் துணி.

"நான்... கொடியப் பாத்துட்டு நின்னுட்டேன்டா."

தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு கண்ண வச்சுக்கிட்டு! நான் சொல்றேன் கேளுங்க. தலைல பட்டுச்சு, டப்புனு. அப்புறம் மேல்கம்பி, டங்குனு. எனக்கு உயிரே போச்சு. கீழ விழுந்து கோல்கீப்பர் மேல பட்டிருக்கணும், அவன் 'ஐயோ'ன்னான். அப்புறம் வலை சரசரன்னுச்சு. நம்ம மூக்குக்கு நேராத்தான் அத்தான்."

லாரிக்காரர் வலையைப் பார்த்தார். அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். தலை, கம்பி, கீப்பர், வலை. எல்லாம் தெரிந்தது.

கடைசி விசில் ஊதினார்கள். கூட்டம் உள்ளே இறங்கி ஓடியது. இவர்கள் இருவரும் கைப்பிடியைப் பிடித்தபடி, சத்தம் ஓய்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்கள்.

வெளியே வரும்போது பேக்கரி அம்மா வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்தாள். "இப்பவாச்சும் நம்புவீங்களா?"

நன்றி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. செருப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"கைப்பிடி ஆடல" என்றார். "நல்லாப் போட்டிருக்கம்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மாவுக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள். தெருவே கத்தியதில் அவளுக்குச் சேதி முன்னாலேயே வந்திருந்தது. "எப்படிப் போட்டாங்க? சொல்லுங்க!"

லாரிக்காரர் மச்சானை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நடுவீட்டில் நின்று கையை ஆட்டிச் சொன்னார். தலையில் டப்பென்று பட்டதை, மேல்கம்பியில் டங்கென்று மோதியதை, கீப்பர் ஐயோ என்றதை, வலை சரசரத்ததை. தையல்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவிக்குச் சந்தேகம். "நிஜமா நீங்க பாத்தீங்களா? கொடிதானே பாப்பீங்க?"

"மச்சான் பாத்தான்" என்றார் லாரிக்காரர்.