சரியாகச் சொன்ன பெயர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, கண்ணுகளா. அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தங்கச்சிக்குத் துணைக்கு இருந்தேன். அடுத்த கட்டிலில் நடந்தது.

மயக்க மருந்து என்பது ஆழக் கிணறு மாதிரி, அதில்—

(அடித்துவிட்டேன். விழுந்து பார்க்காதவளுக்கு என்ன தெரியும்?)

2

அடுத்த கட்டிலில் இருந்த பரளச்சி ஊர் ஒச்சம்மாளுக்குப் பித்தப்பையில் கல். காலையில் ஆப்பரேஷன், மத்தியானம் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். கால்மாட்டில் அவள் வீட்டுக்காரர் பால்சாமி நின்றார்.

(நிஜப் பெயர் வேறு. அது என் வீட்டுக்காரர் பெயரும்கூட. எழுதக் கை வரவில்லை. எங்கள் பக்கத்தில் என் வயசுப் பொம்பளைகள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவோம்.)

தெளிவு வந்துவிட்டதா என்று பார்க்க நர்ஸ் காளீஸ்வரி குனிந்து கேட்டாள்: "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

"பால்சாமி." பளிச்சென்று, வார்டே கேட்க.

"சூப்பர்! நல்லாத் தெளிஞ்சிட்டாங்க." கட்டில் தடுப்புக் கம்பியை இறக்கப் போனாள்.

பால்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இறக்காத தாயி. அவளுக்குத் தெளியலை."

"சரியாத்தானய்யா சொன்னாங்க?"

"அதான் சொல்றேன். நாப்பத்திரண்டு வருசத்துல எம் பேர ஒருதரங்கூடச் சொன்னதில்ல."

"இன்னிக்காச்சும் சொன்னாங்களேன்னு சந்தோசப்படுங்க!"

3

பால்சாமி கோபக்காரர், ஆகவே அந்த நர்ஸை—

(இல்லை. அவர் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கோபக்காரர் ஆக்கினால் எனக்கு எழுத லேசு, அவ்வளவுதான்.)

ஒச்சம்மாள் அவரைக் கைகாட்டி என்னைக் கேட்டாள். "யாருக்கா இந்தாளு? பொம்பளைக படுத்திருக்க எடத்துல நிக்கான். பால்சாமி வந்தா வெட்டிப்புடுவாரு."

சொல்லிக்கொண்டே குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கினாள். போர்வையெல்லாம் ரத்தம். கம்பிமேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். நானும் நர்ஸும் பிடித்தோம். அவர் தொட்டால் மட்டும் அலறினாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார் அந்த மனுசன்.

டாக்டர் வந்து பார்த்தார். "வயசானவங்களுக்கு மயக்கம் எறங்கறப்ப இப்படி வரும். ரெண்டொரு நாள்ல சரியாயிரும், பெரும்பாலும்."

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை எத்தனை தரம் திருத்தி எழுதினாலும் அடிக்க முடியவில்லை.

4

முடிவு ஒன்று: மறுநாள் நர்ஸ் பெயரைக் கேட்டபோது, "அவுகளையே கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். (உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும்தான்.)

முடிவு இரண்டு: மறுநாளும் பளிச்சென்று—

எனக்கு எதுவும் தெரியாது. அன்று சாயங்காலமே தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது காளீஸ்வரி மறுபடியும் பெயர் கேட்க வந்தாள். பால்சாமி குறுக்கே நின்றார்.

"கேக்காத தாயி. இப்பக் கேக்காத."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காளீஸ்வரி இடத்தில் இருந்தால் நீங்கள் கேட்பீர்களா, கண்ணுகளா?