சாண்டியின் முடிச்சு

என் கால் கட்டைப் பார்த்து, இந்த முடிச்சைப் போட்டது யார் என்று ரோனா கேட்டாள்.

"நீதான். போன வெள்ளிக்கிழமை."

"நான் ஒட்டுப்பட்டை ஒட்டித்தான் முடிப்பேன், சாண்டி. முடிச்சுப் போடறதில்ல."

முகம் மாறாமல் பொய் சொல்ல எனக்கு வரும். வடகடலில் முப்பத்தெட்டு வருஷம் மீன்பிடிப் படகில் இருந்தவன். மீன் எங்கே கிடைத்தது என்று எவனிடமும் உண்மை சொன்னதில்லை.

ரோனா எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் சிகிச்சை அறை நர்ஸ். ஏழு மாதமாக, செவ்வாயும் வெள்ளியும், என் கால் புண்ணுக்கு அவள்தான் கட்டுப் போடுகிறாள். அவள் கட்டு தளர்வு. நேற்றுச் சாயங்காலம் அது நழுவிக் கணுக்காலில் வந்து நின்றது. அவிழ்த்து, கயிற்று நுனி பிரியாமலிருக்க நூல் சுற்றுவோமே, அப்படி இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். தளர்ந்த கட்டு கட்டே இல்லை. படகில் அப்படித்தான்.

கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். கால் விரல்கள் மீன் வயிறு போல வெளுத்திருந்தன. கட்டைவிரலை அழுத்திவிட்டுப் பார்த்தாள். நிறம் திரும்பவில்லை.

"இது தெரியுதா?"

"எது?"

"கிள்ளறேன்."

குனிந்து பார்த்தேன். கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்து நாடியைத் தேடினாள். அதோடு இணைந்த சின்ன ஒலிப்பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது. இடம் மாற்றி வைத்தாள். அதே இரைச்சல்.

எனக்கு அடுத்து வெளியே காத்திருந்த ஹெக்டர் கதவைத் தட்டினான். "சாண்டி, உள்ளயே தூங்கிட்டியா? எனக்குக் காது கழுவணும்."

"கேக்காத காதுக்கு என்ன அவசரம்? உக்காரு."

ரோனா சிரிக்கவில்லை. "உள்ள ரத்தக்குழாய் அடைச்சிருக்கா, இந்தக் கட்டு இறுக்கிச்சான்னு எனக்குத் தெரியணும். எப்ப கட்டினீங்க? சொல்லலைன்னா இப்பவே ஆம்புலன்ஸ்தான்."

ஆம்புலன்ஸ் என்றால் ஆபர்டீன் பெரியாஸ்பத்திரி. போன வருஷம் என் தம்பி அலெக் கால் விரல் புண்ணோடு அதில் ஏறினான். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பினான். சொன்னாலும் ஏற்றிவிடுவாளோ என்னவோ. அவள் கை தொலைபேசிக்குப் போனது.

"நேத்து சாயங்காலம்," என்றேன். "ஆறு மணி. நான்தான்."

அவள் திட்டவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு உடனே வரச் சொன்னாள். என் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, மேலே போர்வை போட்டாள். "பத்து நிமிஷம். அதுக்குள்ள நாடி கேக்கலைன்னா நீங்க கிளம்பறீங்க. என்கிட்ட வாதாடக் கூடாது."

சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிஷம் விரல்களில் ஊசி குத்துவது போல வலி. பல்லைக் கடித்தேன். அவள் மறுபடி கருவியை வைத்தாள். இரைச்சல். பிறகு இரைச்சலுக்கு அடியில், குளிரில் டீசல் எஞ்சின் பிடிப்பது போல, லப், லப்.

"இந்தப் பெட்டி எல்லாருக்கும் இப்படித்தான் கத்துமா?" என்றேன். "உன் கையில வை."

தன் மணிக்கட்டில் வைத்துக் காட்டினாள். அவளுடையது என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகமாக அடித்தது. பயந்திருக்கிறாள். அப்போதுதான் அவளை நம்பினேன்.

டாக்டர் வந்து பார்த்தார். ஆம்புலன்ஸ் வேண்டாம், நாளைக்கும் வந்து காட்டு என்றார். ரோனா லேசாக ஒரு கட்டுப் போட்டாள். பிறகு நீலப் பேனாவால், சுற்றுகளின் மேலே, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரே கோடு இழுத்தாள்.

"அவிழ்த்துக் கட்டினா இந்தக் கோடு சேராது."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

"நல்லது," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.