பூஜ்யத்தைக் கலக்கிய கம்ப்யூட்டர்

1

“ஒண்ணுமே இல்லாததைக் கலக்கிக்கிட்டே இருந்தா ஏதாவது வருமா, ஜோதி?”

எங்கள் மாடியில் குடியிருக்கும் யமுனா அக்கா ஒருநாள் இப்படிக் கேட்டார். பத்தாவதைக்கூட முடிக்காதவளிடம் கேட்கிற கேள்வியா இது? காபியை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. [பொய். கதைக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தேன். மாடியில் ஒருவர் அகப்பட்டார்.]

2

முதல் தொடக்கம்: ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் மேல் பொழுது புலர்ந்தபோது, விஞ்ஞானி யமுனா—

வேண்டாம். அக்கா எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லை.

இன்னொன்று: லேசர் என்பது—

இதுவும் வேண்டாம். லேசர் என்றதுமே எங்கள் தெருவில் கண்புரை ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் எதிரெதிராக இரண்டு தகடுகள். லேசர் பட்டதும் அவை பிளாஸ்மா என்கிற கொதிக்கும் மின்வாயுவாகச் சீறிக் கிளம்பி, சல்லடைகளுக்குள் புகுந்து, நடுவில் மோதிக் கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்பு துளிக் காந்தப்புலத்தை இழுத்து முறுக்கிப் பெரிதாக்கும். விண்மீன் திரள்களுக்குக் காந்தம் இப்படியும் வந்திருக்கலாமாம். லேசரைச் சுடும் முன் அத்தனையையும் எங்கள் மாடியிலிருந்தே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் நடத்திப் பார்த்து, காந்தம் எப்படி வளரும் என்று வரைபடத்தில் ஒரு கோடு அனுப்புவது அக்காவின் வேலை. கோடு போகாவிட்டால் லேசர் வேறு குழுவுக்குப் போய்விடும்.

அக்காவின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

3

இங்கே ஒரு வில்லன் தேவை. சித்தார்த் அண்ணனைப் போட்டேன். [பாவம், அவர் வில்லன் இல்லை. அக்காவோடு ஆராய்ச்சி செய்கிறவர். காவிரிப் பாலத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே பாலக்கரையிலிருந்து வருவார். இந்தச் சோதனை நடக்காவிட்டால் அவருடைய பிஎச்.டி. அந்தரத்தில் நிற்கும்.]

கோளாறை அக்காவே கண்டுபிடித்தார். பழைய ப்ரோக்ராம் ஃபைல் ஒன்றை எடுத்துத் தொடங்கியிருக்கிறார். லேசர் படும் இடத்தில் முதல் துளிக் காந்தத்தைப் பிறப்பிக்கிற வரி அதில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அத்தனை பெரிய கம்ப்யூட்டர் இத்தனை நாளும் பூஜ்யத்தைக் கலக்கியிருக்கிறது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மறுபடி ஓட்ட ஒரு வாரம் ஆகும். கோடு அன்று மாலைக்குள் போயாக வேண்டும்.

“எப்படியும் வளரத்தான் போகுது. கையால வரைஞ்சு அனுப்பு,” என்றார் அண்ணன்.

“நான் பாக்கலையே.”

“பாத்தா மட்டும் வேற மாதிரி வந்துடுமா?”

“அதையும்தான் பாக்கலை.”

4

[பார்க்காததை எழுதினால் எனக்குக் கதை, அக்காவுக்கு மோசடி. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல?]

முடிவு அ: அக்கா வரைந்து அனுப்புகிறார். லேசர் சுடுகிறது, கோடு அச்சாகப் பொருந்துகிறது. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு ஆ: அக்கா உண்மையைச் சொல்கிறார். ஆய்வுக்கூடமே எழுந்து கைதட்டுகிறது. எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

நடந்தது இது. ஒரு வரியை விட்டுவிட்டேன், இப்போது என்னிடம் கோடு இல்லை, ஒரு வாரம் வேண்டும் என்று அக்கா ஆய்வுக்கூடத்துக்கு மெயில் அனுப்பினார். அவர்கள் காத்திருந்தார்களா? உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் கையால் வரைய மாட்டேன்.

அண்ணனுக்கு மட்டும் மூன்று வசனம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் திட்டினார். ஒன்றில் மெச்சினார். ஒன்றில் அழ—

மூன்றையும் அடித்துவிட்டேன். அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வாசலில் காபியோடு நின்ற என்னைத் தாண்டி, படியிறங்கிப் போனார்.