பக்கத்துச் சிறை

"அவன் செய்யாத தப்பையும் சேத்து ஒத்துக்கணுமா?" என்று ஒஃபேலியா மருமகளைக் கேட்டாள். கல்லில் சோள ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை.

"நான் சொல்லல அத்தை. அவரே முடிவு பண்ணிட்டாரு," என்றாள் யெசேனியா. அவள் மடியில் ஏழு மாதப் பெண் குழந்தை. அதன் அப்பன் எஃப்ராயின் அதை இன்னும் தொட்டதில்லை.

எஃப்ராயின் செய்தது, மென்டோன்சா என்பவரின் பாதாம் தோப்பில் பம்புசெட்டுக்குப் போகும் செம்புக் கம்பியை அறுத்தது. எங்கள் பக்கத்தில் வேலையில்லாத பையன்கள் அதைத் திருட்டென்றே நினைப்பதில்லை. முன்பென்றால் மாநிலச் சிறைக்குப் போயிருப்பான். அங்கே இடம் பிதுங்கியதும் கலிபோர்னியா அரசு, சில்லறைக் குற்றவாளிகளை அந்தந்த மாவட்டமே வைத்துக்கொள்ளட்டும் என்று சட்டம் போட்டுக் கைகழுவிவிட்டது. குடும்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் திருந்துவார்களாம். நல்ல எண்ணம்தான். மாவட்டச் சிறை ஒஃபேலியாவின் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

ஆனால் அங்கே போனால் ஆளைத் திரையில்தான் காட்டுவார்கள். இவர்கள் கீழ்த்தளத்தில், அவன் மேல்மாடியில். விசாரணைக் கைதிகளைச் சில வாரம் வைப்பதற்காகக் கட்டிய கட்டடம். வெயில்கூட உள்ளே வராது. அதில் நான்கு வருஷம் கிடக்க வேண்டும்.

மாநிலச் சிறைக்கு ஆறு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அங்கே கூடம் உண்டு, மேசை உண்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். எஃப்ராயினுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் தன் அப்பன் மடியில் உட்கார்ந்ததெல்லாம் அப்படி ஒரு கூடத்தில்தான்.

சம்பவத்தன்று மென்டோன்சா வீட்டின் பின்கதவு திறந்து கிடந்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது. வீட்டுக்குள்ளும் நுழைந்தேன் என்று எஃப்ராயின் ஒப்புக்கொண்டால் அது பெரிய குற்றம், மாநிலமே அவனை எடுத்துக்கொள்ளும் என்றார் அரசு வக்கீல். தண்டனை அதே நான்கு வருஷம். மாவட்டத்துக்கு ஒரு வாய் சோறு மிச்சம்.

"பெரிய குத்தம்னு ஒரு தடவ முத்திரை விழுந்தா ஆயுசுக்கும் அழியாதுடி. நாளைக்கு எதுல மாட்டினாலும் ரெண்டு மடங்கு போடுவாங்க."

"அவருக்குத் தெரியாதா அத்தை? வெளிய வர்றதுக்குள்ள இவ பள்ளிக்கூடம் போயிடுவாளேங்கிறாரு."

அன்று மாலை மூவருமாகச் சிறைக்குப் போனார்கள். குழந்தை திரையில் தெரிந்த முகத்தைத் தட்டியது. பிறகு நக்கியது. எஃப்ராயின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒஃபேலியா வாதாடவில்லை.

வழக்கன்று கோர்ட் வராந்தாவில் மென்டோன்சா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒஃபேலியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பயப்படாதம்மா," என்றார் அவர். "உன் பையன் என் வீட்டுக்குள்ள வரல. பின்கதவத் தெறந்து போட்டது நான்தான். அத ஜட்ஜ்கிட்ட சொல்லத்தான் வந்திருக்கேன்."

இவ்வளவு நல்ல மனிதர் அன்றைக்குப் பார்த்தா அகப்பட வேண்டும்?

"அத மட்டும் சொல்லிடாதீங்க ஐயா," என்று ஒஃபேலியா காரணத்தைச் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

நீதிபதி அம்மாள் எஃப்ராயினிடம் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றான். பிறகு மென்டோன்சாவின் முறை. ஞாயிறு தவறாமல் கோயிலில் முன் பெஞ்சில் உட்காருகிறவர், எழுந்து நின்று, யெசேனியாவின் தோளில் தூங்கும் குழந்தையைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள வந்தான்," என்றார்.

"ஏதாவது காணாமப் போச்சா?" என்று கேட்டார் நீதிபதி.

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "வயசாச்சும்மா. என்ன இருந்துச்சுன்னே ஞாபகமில்ல."

அது போதுமானதாக இருந்தது. அரசு வக்கீல் பேனாவை மூடினார்.

தீர்ப்பைப் படித்து முடித்த நீதிபதி ஒஃபேலியாவைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"இவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. இங்கயே இருந்தா வாராவாரம் புள்ளையப் பாத்திருக்கலாம்."

"பாத்தாச்சும்மா," என்றாள் ஒஃபேலியா. "இனிமே அவன் புள்ளைய அவன் தூக்கட்டும்."